பூட்டிய அறைக்குள் மூன்று கைதட்டல்

பதினான்கு மாடி கொண்ட ஓர் அலுவலகக் கட்டடத்தில் மின்தூக்கிகளைப் பராமரிப்பவர் என் பெரியப்பா. அங்கே எல்லோருக்கும் அவர் ‘லிஃப்ட்காரர்’. இருபத்தாறு ஆண்டுப் பணியில் அவர் எடுத்த விடுப்பு மொத்தம் ஒன்பது நாள். யாராவது நலம் விசாரித்தால், ‘மேல போறதும் கீழ வர்றதும் நம்ம கையிலயா இருக்கு, கயித்துலல்ல இருக்கு’ என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை அதுதான்.

வீட்டின் பின்னறையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு குழந்தைக் கண்ணன் இருந்தான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் குருவிடமிருந்து பெரியப்பா ஏற்றுவந்த பொறுப்பு அது. அவர் சேர்ந்த நெறியில் அருள் என்பது கூலி அன்று. நோன்பிருந்தோ நூல் கற்றோ அதைச் சம்பாதிக்க முடியாது. அவனாகக் கொடுத்தால் உண்டு. தன்னுடையது எல்லாம் அவனுடையது என்று ஒப்படைத்துவிட்டு, அவனைச் சிலையாக எண்ணாமல் வீட்டுப் பிள்ளையாக எண்ணிப் பணிசெய்வது ஒன்றே மனிதனால் ஆகக்கூடியது. எந்தப் பொருளும் முதலில் அவனுக்கு, மிச்சம்தான் நமக்கு. பதிலுக்கு எதையும் கேட்கக் கூடாது. புதிதாக வாங்கிய திருப்புளிகூட ஓர் இரவு அவன் காலடியில் கிடந்த பிறகுதான் கட்டடத்துக்குப் போகும்.

இவை அனைத்தையும் பெரியப்பா பிசகாமல் கடைப்பிடித்தார். ஆனால் அவராகச் சேர்த்துக்கொண்டவை இரண்டு உண்டு. பின்னறைக்குப் பூட்டுப் போட்டு, ஒரே சாவியைத் தம் இடுப்புவாரில் மாட்டிக்கொண்டார். பெரியம்மாவின் கைக்குப் பக்குவம் போதாது என்பது அவருடைய தீர்மானம். ‘நமக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. அதுக்கும் அப்பா மட்டும்தான்’ என்று பெரியம்மா குத்திக்காட்டுவது வழக்கம். இரண்டாவது, கட்டடத்தின் வருகைப் பதிவேடு. மாலை ஐந்தரைக்குக் குழந்தையைப் பகல் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். வாசலில் கையெழுத்துக்காக நின்று இரண்டு நிமிடம் வீணாகக் கூடாது என்று, காலையில் வரும்போதே வெளியேறும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுவிடுவார். அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக, ஒரே மையில், 5.10.

அது ஒரு சனிக்கிழமை. அலுவலகங்களுக்கு விடுமுறை. மதியம் இரண்டு மணிக்குப் பெரியப்பா கைப்பேசியை மேல்தளத்துக் கருவிப்பையில் வைத்துவிட்டு, மின்தூக்கியின் அடிக்குழியைச் சுத்தம்செய்ய இறங்கினார். சிவப்புப் பொத்தானை அழுத்தி மின்தூக்கியை நிறுத்தியிருந்தார், அதில் தவறில்லை. ஏணியின் கடைசிப் படி கழன்றது. கணுக்கால் முறிந்தது. தானாகச் சாத்திக்கொள்ளும் தளக்கதவு ஆறடி உயரத்தில் மூடிக்கொண்டது.

கத்திப் பார்த்தார். சுவரைப் பற்றி மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் விழுந்தார். வலியைவிட, கைக்கடிகாரத்தின் முள்தான் அவரை வதைத்தது. ஃபிளாஸ்க்கில் பால் இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, கற்கண்டு இருக்கிறது, அறை பூட்டியிருக்கிறது, சாவி இங்கே இருக்கிறது. தாம் போகாவிட்டால் அந்தக் குழந்தை பட்டினி. சரியாக ஐந்தரைக்கு அவர் கைகளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். ‘என்னால வர முடியலப்பா. இனி உன் பாடு’ என்று சொன்னதாக நினைவுகூர்கிறார். அதன்பின் கத்தவில்லை.

அதே ஐந்தரைக்குப் பெரியம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பின்னறைக்குள் மூன்று முறை மெல்லக் கைதட்டும் ஓசை கேட்டது. தூங்கும் பிள்ளை திடுக்கிடாமல் இருக்கப் பெரியப்பா தட்டும் அதே தட்டல். பிறகு ஃபிளாஸ்க்கின் மூடி திருகப்பட்டது. பால் ஊற்றும் ஓசை. கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் இருமுறை பட்டது. இவர் எப்போது உள்ளே போனார் என்று எண்ணியபடியே பெரியம்மா வாசலைப் பார்த்தார். செருப்பு இல்லை. பின்னறைக் கதவைப் பார்த்தார். பூட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

‘என்னங்க’ என்று கூப்பிட்டார். உள்ளே கரண்டி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சடக்கி நிற்பதுபோல ஒரு மௌனம். பிறகு கரண்டி மறுபடி கலக்கத் தொடங்கியது.

கைப்பேசியில் அழைத்தார், எடுப்பாரில்லை. திருடனென்றால் பூட்டு எப்படி அப்படியே இருக்கும்? திருடனில்லையென்றால் யார்? விடை தெரிய வேண்டுமானால் சாவி வேண்டும். சாவி இருக்கும் இடத்துக்கு, மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கட்டடத்தின் காவலாளி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ‘அண்ணன் அஞ்சு பத்துக்கே போயாச்சுக்கா. கையெழுத்து பாருங்க.’

‘அது காலைலயே போட்ட கையெழுத்து. சாகுற நேரத்தையும் முன்னாலயே எழுதி வச்சிட்டுப் போற மனுஷன் அவரு. லிஃப்ட்டைத் திறங்க’ என்றார் பெரியம்மா.

ஏழு மணிக்குச் சற்று முன் அவரைக் குழியிலிருந்து தூக்கினார்கள். திங்கட்கிழமை காலைவரை அந்தக் கதவை யாரும் திறந்திருக்க மாட்டார்கள் என்று காவலாளி என்னிடம் சொன்னார். பதிவேட்டின்படி உள்ளே எவரும் இல்லை. பெரியம்மா தாம் கேட்டதைச் சொன்னதும் பெரியப்பா மருத்துவமனைக்குப் போக மறுத்தார். வாடகை வண்டி முதலில் வீட்டுக்குத்தான் போனது.

உடன் வந்த காவலாளியின் தோளைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று பூட்டைத் திறந்தார். அறையில் காய்ச்சிய பாலின் மணம். ஃபிளாஸ்க் காலி. பகலுடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் மடிப்பதைவிடச் சிறிய மடிப்பு. கிண்ணத்தில் பாதிப் பால் மிச்சம் இருந்தது. குழந்தை படுக்கையில் போர்த்தியபடி கிடந்தான். பதினோரு ஆண்டுகளாக, வெளிச்சம் படக்கூடாதென்று, அவனைச் சுவர்ப் பக்கம் முகம்வைத்தே பெரியப்பா படுக்கவைப்பார். இப்போது முகம் கதவைப் பார்த்திருந்தது.

காவலாளி இரண்டடி பின்வாங்கினார். பெரியப்பாவின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

‘நான் இல்லாம ஒண்ணுமே நிக்கல’ என்றார்.

‘நிக்கலைன்னு வருத்தமா உங்களுக்கு?’ என்று கேட்டார் பெரியம்மா.

அவர் பாதிப் பால் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, ‘நான்தான் ஊட்டுறேன்னு இருந்தேன். ஊட்ட விட்டிருக்கான், அவ்வளவுதான்’ என்றார். தாம் செய்துவந்த பணி அருளுக்குக் கொடுக்கும் விலை அன்று, அதுவே தமக்குக் கிடைத்த அருள் என்று குரு சொன்னதை அன்றுதான் பயத்தோடு புரிந்துகொண்டதாக என்னிடம் சொன்னார். கிண்ணத்தை எடுத்து மிச்சப் பாலில் ஒரு மிடறு குடித்தார். மீதியைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பால் இன்னும் சூடாக இருந்தது என்பதில் இருவர் கூற்றும் ஒத்துப்போகின்றன.

மாவுக்கட்டு ஆறு வாரம். அந்த நாட்களில் பெரியம்மாதான் குழந்தையை எழுப்பினார், ஊட்டினார், படுக்கவைத்தார். பூட்டு எங்கே போனதென்று தெரியவில்லை, யாரும் தேடவுமில்லை. பதிவேட்டில் இப்போதெல்லாம் வெளியேறும் நேரம் 5.12, 5.09, 5.15 என்று வேறுவேறு மையில் இருக்கிறது.

கட்டுப் பிரித்த அன்று பெரியப்பா பழைய வழக்கப்படி குழந்தையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார். காலையில் முகம் கதவைப் பார்த்திருந்தது. மூன்று நாள் அவ்வாறே முயன்றார். மூன்று காலையும் அவ்வாறே கண்டார். நான்காம் நாள் அவரே கதவைப் பார்த்துப் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வந்தார்.