ஒரு புட்டி மருந்துக்கு ஒரு கல்யாணம்

என் எட்டு வயதில் அம்மாவுக்கு மறுமணம் செய்துவைத்தவள் நான். சீர்திருத்தக் கொள்கை எதுவும் அப்போது எனக்குக் கிடையாது. ஒரு புட்டி மருந்து வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊர் ஊராக ஜனங்கள் உடம்பைத் தேற்ற வருவார்கள். அதே சாரல் தென்காசியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவுக்கு மூச்சு இழுக்கும். அப்பா வேலை பார்த்த நூல் மில்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. கழுவிய புட்டியோடு போய் அப்பா பேரைச் சொன்னால் கம்பவுண்டர் பழுப்பு மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டித் தருவார். அதைக் குடித்தால் அம்மா படுத்துத் தூங்குவாள். இல்லாவிட்டால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வேண்டும்.

அந்த வருஷம் பங்குனியில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். ஆனியில் சாரல் வழக்கம்போல் வந்தது. அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. மிச்சமிருந்த மருந்து தீர்ந்ததும் அம்மாவிடம் சொல்லாமல் புட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

“ஒங்க அப்பா பேர எடுத்தாச்சேட்டி,” என்றார் கம்பவுண்டர். குரலில் கடுமை இல்லை. “மில்லுல வேல பாக்கவன் பொண்டாட்டி பிள்ளைக்குத்தான் மருந்து. நான் என்ன செய்ய?”

சட்டம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆள் ஒருவர் குறைகிறார். வரிசையைப் பார்த்தேன். அப்பாவோடு ஒரே ஷிப்டில் நின்ற மாமா, கையில் கட்டுப் போட்டுக்கொள்ள நின்றிருந்தார். சொந்தம் இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். கல்யாணம் ஆகாதவர். அப்பா போன பிறகும் வாரத்துக்கு ஒருமுறை வந்து, வாசற்படி தாண்டாமல் எங்களை விசாரித்துவிட்டுப் போகிறவர்.

“அப்பம் எங்கம்மா இந்த மாமா பொண்டாட்டின்னு எழுதிக்கிடுங்க,” என்றேன்.

வரிசை இருமக்கூட மறந்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவன், “ஏலே, பந்தி எப்பம்லே?” என்றான். சிரித்தார்கள். மாமா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் புட்டி காலியாகத்தான் திரும்பியிருக்கும். கட்டுப் போடாமலே வெளியே போய்விட்டார். கம்பவுண்டர் எங்கேயும் எதையும் எழுதாமல் புட்டியை நிறைத்துக் கொடுத்தார்.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்திருந்தது. “ஏட்டி, நாசமாப் போறவளே, என்னத்தட்டி சொல்லிட்டு வந்த?” என்று எங்களோடு இருந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா இழுக்கிற மூச்சோடு எழுந்துபோய்ப் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அந்த ஆடி முழுவதும் அவளுக்கு உட்கார்ந்தே விடிந்தது. நல்ல மருந்தை இப்படியா கொட்டுவது என்று எனக்கு அவள்மேல் கோபம்.

மாமா எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சங்கக் கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர், மேனேஜர் முன்னால் எழுந்து நின்று, “செத்தவன் வீட்டுல மட்டும் சீக்கு வராதாய்யா?” என்று கேட்டாராம். பதில் வராதபோதெல்லாம் மறுபடி எழுந்து கேட்டாராம். அடுத்த சாரலுக்கு முன் உத்தரவு போட்டார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தவர்கள் குடும்பத்துக்கும் இனி மருந்து உண்டு.

முதல் நாள் மருந்து வாங்க என்னோடு அம்மாவே வந்தாள். வரிசையில் மாமாவும் நின்றார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள், அவர் தன் செருப்பைப் பார்த்தார். “மாமாட்டப் பேசும்மா,” என்று முந்தானையை இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். இந்த இரண்டு பேருக்கும் எப்போது சண்டை வந்தது, எனக்குத் தெரியாமல் எப்படி வந்தது என்று யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை.

கம்பவுண்டர் அப்பா பேரை உரக்கப் படித்தார். அம்மா நிமிர்ந்து முன்னால் போனாள். அவர் மருந்தை ஊற்றி, மூடியை அழுத்திப் புட்டியை என் கையில் வைத்தார்.

“பாத்தியாட்டி, கடைசில ஒங்க அப்பாவே போதும்னு ஆயிட்டு,” என்றார்.