விரல்நுனி கறுத்த படம்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பின்னேரம் நான்கரை மணி. இடம், நீர்வேலியில் எங்கள் வீட்டு ஹோல். கனடாவின் வடக்கே ஒரு நகரத்தில் தங்கை வீட்டில் ஏழு கிழமை, ஐம்பது நாளளவில், நின்றுவிட்டு நான் திரும்பி வந்து நான்காம் நாள் அது. வெளிநாட்டால் வந்தவர் அயலுக்குச் சொக்கிளேற் கொடுத்துப் படம் காட்டுவது எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகிய தெருவில், வழமை. நானும் காட்டினேன்.

என் தொழில் மழையை அளப்பது. விவசாயப் பண்ணை ஒன்றில் இருபத்தேழு வருடமாகக் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்துப் பதிகிறேன். அந்தப் பழக்கம் வீட்டு நாட்குறிப்புக்கும் வந்துவிட்டது. கிணற்று நீர்மட்டம், பஸ் வந்த நேரம், ஒழுங்கையில் பிறந்தவர், இறந்தவர் எல்லாம் அதில் இருக்கும். காணி எல்லைச் சண்டையில்கூட என் டயறியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பிழை விடாத மனிதன் என்று ஒரு பெயர். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அந்த ஏழு கிழமையும் நான் சின்னப்பிள்ளை போலத் திரிந்தேன். உறைந்த ஆற்றின் மேல், அடியில் கத்தி பூட்டிய சப்பாத்துடன் சறுக்கினேன். முதல் நாள் பதினொரு தரம் விழுந்தேன். பனியில் துளை போட்டு மீன் பிடித்தோம். மச்சான் தன்னுடைய கமெராவைத் தந்து, பனியைப் படம் பிடிக்கச் சொல்லித் தந்தார். கமெராவை அதன்பாட்டில் விட்டால் வெள்ளைப் பனி சாம்பலாகத்தான் விழும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். பற்றரி குளிரில் செத்துவிடும்; சேட்டுப் பையில் நெஞ்சோடு வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வரும்போது கமெராவைப் பையில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வில்லையில் நீர் பூத்துவிடும். எல்லாம் எழுதி வைத்தேன். நானூற்றுப் பதினாறு படங்கள். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், வெப்பநிலை, பனியின் ஆழம்.

அவற்றில் ஒன்று என் வலது கைச் சுட்டுவிரல். பைன் மரக் கொப்பில் பனி இருந்த அழகைப் பிடிக்கப் பன்னிரண்டு நிமிடம் கையுறையைக் கழற்றிவிட்டேன். நுனி மெழுகு மாதிரி வெளுத்து, மூன்றாம் நாள் கறுத்தது. தங்கை ஏசினாள். நான் அதையும் படம் எடுத்தேன்.

அன்று ஹோலில் ஏழெட்டுப் பேர். தொலைக்காட்சியில் படங்கள் போய்க்கொண்டிருந்தன. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா முன்கதிரையில் இருந்து பகிடி விட்டார்.

"தம்பி, உந்தக் குளிரிலை நாங்கள் மீனையெல்லோ வைக்கிறனாங்கள். மனிசரும் இருக்கினமோ?"

"உவர் பனியை அளக்கவும் அடிமட்டம் கொண்டு போனவர் ஐயா," என்றாள் என் மனைவி. "மழைமானியைத் தூக்கிக்கொண்டு போகாதது நான் செய்த புண்ணியம்."

எல்லாரும் சிரித்தார்கள். கதவடிக் கதிரையில் இருந்த முன்வீட்டு அக்கா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அவருடைய மகன் அதற்கு நான்கு வருடம் முன்பு கனடாவுக்குப் போகும் வழியில் இறந்தவர். களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் கனடா எல்லையில் இறக்கிவிட, இரவு முழுவதும் பனிக்குள் நடந்திருக்கிறார். விடிந்தபின் உயிரோடு கண்டெடுத்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். வைத்தியர்கள் கைவிட்டுவிட்டதாக அங்கிருந்து தொலைபேசி வந்தது. அதைக் கேட்ட அக்காவின் மகள் குழறி அழுதுவிட்டாள். தாய் ஓடிவந்து கேட்டபோது, பனியில் கிடந்ததைச் சொல்ல வாய் வராமல், வாகன விபத்து, அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று சொன்னாள். ஒழுங்கை கூடிவிட்டது. செத்தவீடு தொடங்கிவிட்டது. மகன் உண்மையில் இறந்தது இரண்டு நாள் கழித்து. அதற்குள் பந்தல் போட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீரும் கொடுத்தாயிற்று. மூச்சு இருக்கிறது என்று அதற்குப் பிறகு யார் போய்ச் சொல்வது?

உடலைக் கொண்டுவரும் படிவங்களை நிரப்பிக் கொடுத்தது நான். அதில் உண்மையான திகதியைத்தான் எழுத வேண்டும். அதனால் மகள் எனக்குச் சொன்னாள்; நான் மனைவிக்கு மட்டும் சொன்னேன். அன்றே என் டயறியிலும் இரண்டு திகதிகளையும் எழுதினேன். திவசம் மட்டும் முதல் திகதியின் திதியில் நடந்து வந்தது.

இவ்வளவையும் அறிந்தவன் அந்த அக்காவை அழைத்துவந்து இருத்திப் பனியைக் காட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை. நினைவே வரவில்லை. எழுதி வைத்தவனுக்கு நினைவு வரவில்லை.

விரல் படம் வந்து போனது. அக்கா கதைத்தார்.

"தம்பி, அந்தப் படத்தைத் திரும்ப விடுங்கோ."

விட்டேன். அவர் எழும்பித் தொலைக்காட்சிக்குக் கிட்ட வந்தார்.

"உது எத்தினை நேரத்திலை வந்தது?"

"பன்னிரண்டு நிமிசம் அக்கா. மைனஸ் இருபத்துநாலு," என்றேன். என் குரலில் இருந்த உற்சாகம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"உங்களுக்கு நுனி மட்டுந்தானே. பத்து விரலும் அடிமட்டும் கறுக்கிறதெண்டால்?"

மனைவி என் காலை மிதித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"அதுக்கு மணித்தியாலக் கணக்கிலை வெளியிலை நிக்க வேணும் அக்கா. நிண்டாலும் அண்டைக்கே கறுக்காது. ரெண்டு மூண்டு நாள் செல்லும். எனக்கே மூண்டாம் நாள்தான்."

சொல்லி முடித்தபின்தான் மனைவி ஏன் மிதித்தாள் என்று விளங்கியது.

"சவப்பெட்டிக்குள்ளை அவன்ரை கையை வெள்ளைச் சீலையாலை மூடியிருந்தவை," என்றார் அக்கா. அழவில்லை. "ஒருதரும் பாக்காத நேரம் நான் விலத்திப் பாத்தனான். பத்தும் கறுப்பு. விபத்திலை நசிஞ்சதெண்டு மகள் சொன்னவள். முகத்திலை ஒரு கீறல் இல்லை. அப்ப, உடனை போகேல்லை என்ரை பிள்ளை."

தபாலதிபர் ஐயா தன் செருப்பைத் தேடினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எல்லாம் எழுதிறனீங்கள் தம்பி. அவன் எந்தத் திகதி போனவன்?"

அந்த வருடத்து டயறி அலுமாரியின் இரண்டாம் தட்டில், நான் நின்ற இடத்திலிருந்து நான்கு அடி தூரத்தில் இருந்தது. தாயைக் கூட்டிப்போக வந்த மகள் வாசலில் நின்றாள். என்னையே பார்த்தாள்.

"அதை நான் எழுதேல்லை அக்கா," என்றேன்.

அவர் தொலைக்காட்சியில் நின்ற விரலை இன்னொரு தரம் பார்த்தார்.

"மழை பெய்யாத நாளையும் எழுதிறனீங்கள்," என்றார். கதிரையில் சொக்கிளேற்றை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை மகள் எங்கள் கிணற்றடிக்கு வந்தாள்.

"காட்ட வேறை படம் கிடைக்கேல்லையோ மாமா? அம்மா என்னோடை கதைக்கிறேல்லை. என்ரை முகத்தை மட்டும் பாக்கிறா."

நான் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தேன்.

"திகதியைச் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். "ரெண்டு நாள் உயிரோடை இருந்தவன் எண்டு தெரிஞ்சால், அந்த ரெண்டு நாளும் கோயிலிலை போய் விழுந்து கிடந்திருப்பன் எண்டு சொல்லுவா. உண்மையும் அதுதானே. நான் என்னத்தைச் சொல்லுறது?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மகளைக் காப்பாற்றத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் டயறியை எடுத்து ஒரு தாயின் முன்னால் விரிக்கும் துணிவு எனக்கு இல்லை என்பதுதான் சரியான பதிவு.

கமெராவில் எடுத்த படங்களை அதன்பிறகு யாருக்கும் காட்டவில்லை. தங்கை ஒவ்வொரு மாரிக்கும் கூப்பிடுகிறாள். நான் போகவில்லை. விரல்நுனித் தோல் உரிந்து புதிதாக வந்துவிட்டது. அடையாளம்கூட இல்லை.

முன்பெல்லாம் திவசச் சாப்பாட்டை மகள்தான் கொண்டுவந்து தருவாள். இப்போது அக்காவே வருகிறார். இந்த வருடமும் வந்தார். வாழையிலையால் மூடிய தட்டை மேசையில் வைத்தார். சோறு, வாழைக்காய்க் கறி, கத்தரிக்காய், இரண்டு வடை. போன வருடம் கேட்டதையே திரும்பவும் கேட்டார்.

"இண்டைக்குத்தானே தம்பி?"

"ஓம் அக்கா," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். நான் கையைக் கழுவிவிட்டு, ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டேன். சரியான திகதியை அலுமாரியில் வைத்துக்கொண்டு ஒரு தாயைப் பிழையான நாளில் தன் பிள்ளைக்குப் படைக்க விடுகிறவன், பிழை விடாத மனிதன் என்ற பெயரோடு இன்னும் இந்த ஒழுங்கையில் நடமாடுகிறேன்.