காரை செம்மண் காட்டில் படுத்திருந்தது காளையா, ஒட்டகமா?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்போனில் அடிக்கிறாள். போன தை மாசம் கடைசித் திங்கட்கிழமை, ஒரு மீசைச் சண்டையைத் தீர்க்க நானும் மச்சானும் பெரம்பலூர் பக்கத்துக் காரை கிராமத்துக்குப் போனோம். மச்சான் என் பெண்டாட்டிக்கு அண்ணன்.

சண்டை ஒரு படத்தால் வந்தது. காரை செம்மண் காட்டில் ஒரு மேடு. செல்போனில் பார்த்தபோது எனக்கு அச்சு அசலாக ஒட்டகம். மச்சானுக்குக் காளை. "உழுதவனுக்குத்தான்யா மாடு தெரியும்"னு சபையில் சொல்லிவிட்டார். விடுவேனா?

அரியலூரில் ஆறு மணி பஸ். பெரம்பலூரில் இறங்கி, திருச்சி ரோட்டில் சிறுவாச்சூர். அங்கே அம்மனுக்கு நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான், பார்த்துப் போங்க. கும்பிட்ட கையோடு மச்சான் தரையில் சூடம் ஏற்றி அடித்துச் சத்தியம் பண்ணினார். "யார் சொன்னது தப்போ அவன் மீசை போகணும்." நானும் அடித்தேன். கல்யாணத்துக்கு முந்தி வைத்த மீசை. அது இல்லாத என்னை என் பெண்டாட்டி பார்த்ததே இல்லை.

அங்கிருந்து காரைக்கு ஆட்டோ, போக வர அறுநூறு. பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. மழை அறுத்த செம்மண், மடிப்பு மடிப்பாகக் கண்ணுக்கு எட்டுகிற வரை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வராமல் இருந்தோமே என்று இருந்தது.

மேட்டைக் கண்டதும் மச்சான் ஆட்டோக்காரரைப் பிடித்தார். "தம்பி, அந்தக் காளை தெரியுதா?"

"ஆமாங்க, கொம்புகூடத் தெரியுது."

"அது கொம்பில்லப்பா, ஒட்டகத்தோட கழுத்து"ன்னேன்.

"அட, திமிலும் இருக்குங்களே."

"நீ யார் பக்கம்யா?" என்றார் மச்சான்.

"வாடகை யாரு தர்றாங்களோ அவங்க பக்கங்க."

இப்படிக் கேட்டால் தீராது என்று புரிந்தது. அடுத்து வருகிறவரிடம் எதையும் சொல்லிக் கொடுக்காமல் கேட்கணும், அதுதான் தீர்ப்பு என்று ஒத்துக்கொண்டோம். ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தாங்க.

"ஏம்மா, அந்த மேடு என்ன மாதிரி இருக்கு?"

அந்தம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாங்க. "எங்க மாமியா கோவிச்சுக்கிட்டுக் குப்புறப் படுத்த மாதிரி இருக்கு. பாருங்க, சோறு வேணாம்னு காலை மடக்கியிருக்கு."

பார்த்தோம். முதுகு, கொண்டை, மடக்கிய கால். காளையைக் காணோம், ஒட்டகத்தையும் காணோம்.

"ஏன் மாப்ள, உனக்கு ஒட்டகம்னு யாரு சொன்னா?" என்றார் மச்சான்.

யோசித்தேன். படத்தைக் காட்டும்போதே மருமகள், "மாமா, ஒட்டகம் படுத்திருக்கு பாருங்க"ன்னாள். இதை அடிக்கும்போது சிரிக்கிறாள். மச்சானுக்குக் காளை என்று காட்டியது அவர் பையன். சின்ன வயதில் சாத்தனூரில், மரமே கல்லாகிக் கிடக்கிற கல்மரம் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மரம் என்று கூட்டிப்போனார்கள், கணு கணுவாகத் தெரிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் வேலிக்கல் என்று அதன்மேல் உட்கார்ந்திருப்பேன்.

சூடம் அடித்தாச்சு. நாங்க ரெண்டு பேரும் சொன்னது தப்பு. சிறுவாச்சூருக்கே திரும்பி, கோயில் பக்கம் மொட்டை போடுகிறவரிடம் உட்கார்ந்தோம். "மீசையோட நிறுத்திக்கிறீங்களே, வேண்டுதல் பாதிதான் பலிச்சுதாங்க?" என்றார். மச்சான் சிரித்த சிரிப்பில் கத்தி நின்று நின்று போனது.

காரைக்குப் போகிறவங்க காலையில் போங்க, பத்து மணிக்கு மேல் நிழல் கிடையாது. தண்ணி எடுத்துக்குங்க, அங்கே கடை இல்லை. முக்கியமாக, கூட வருகிறவங்க வாயைத் திறப்பதற்கு முந்தி ஒரு தடவை தனியாகப் பாருங்க. உங்களுக்கு அந்த வழியும் அடைபட்டுப் போச்சு, இதைப் படிச்சுட்டீங்களே.

பெரம்பலூரில் பிரியும்போது மச்சான் தங்கச்சிக்குப் போன் போட்டார். "மாப்ள சட்டையைக் கிழிச்சுக்கிட்டு வர்றாரு, பாத்துக்க." வூட்டு வாசலில் என் பெண்டாட்டி மறித்து நிறுத்தினாள். முன்னாடி, பின்னாடி, அக்குள் என்று சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வெறும் மூஞ்சியோடு நின்றேன்.

"இந்தா, இங்க நூல் விட்டிருக்கு பாருங்க"ன்னு நல்லா இருக்கிற காலரைப் பிடித்துக் காட்டினாள். எனக்கும் லேசாகக் கிழிந்த மாதிரித்தான் தெரிந்தது.