மேசையில் கேட்ட இரண்டு தட்டு

புதன்கிழமை காலை வார்டில் ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது செல்வி அக்காவின் தம்பி அழைத்தார். அக்காவுக்கு நெஞ்சுவலி, ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். அடுத்த மாதம் அக்காவுக்கு மறுதேர்வு.

செல்வி அக்கா எண்ணூர்க் குப்பத்துக்காரர். திருவொற்றியூரில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக இருவரும் ராயபுரத்தில் அந்த மொழி படித்தோம். நடந்து முடிந்த எதைச் சொன்னாலும் அதில் 'ஹாபென்', 'ஸைன்' என்ற இரண்டில் ஒரு துணைவினையைப் போட்டாக வேண்டும். நான் தப்பானதைத்தான் போடுவேன். அக்கா பஸ்ஸில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவர் வினைச்சொல்லைச் சொல்ல, மற்றவர் டிபன் பாக்ஸில் தட்ட வேண்டும். ஹாபெனுக்கு ஒன்று, ஸைனுக்கு இரண்டு.

"எடம் மாறினாலும் நெலமை மாறினாலும் ரெண்டு தட்டு, ஜெயா. போனான், வந்தான், செத்தான், அல்லாம் ரெண்டு. சாப்ட்டான், தூங்கினான், ஒண்ணு. இதுல இன்னா பேஜாரு கீது?"

தூக்கமும் நிலைமாற்றம்தானே என்று நர்ஸ் புத்தியில் சண்டை போட்டேன். தூங்குகிறவன் எழுந்துவிடுவான் என்று சிரித்தார்.

வாய்மொழித் தேர்வில் நாங்கள் இருவரும் ஜோடி. தோற்றால் எனக்குப் பேசிவைத்திருந்த வேலை கைநழுவிவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். "நான்" என்று ஆரம்பித்து, துணைவினை வரவேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

மேசையில் மெல்ல இரண்டு தட்டு கேட்டது.

ஸைன் போட்டுச் சொல்லி முடித்தேன். தேர்வாளர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேறினேன். சைகை காட்டியதாக அக்காவின் தேர்வை மட்டும் ரத்து செய்தார்கள். எனக்காகத்தான் தட்டினார் என்று அந்த அறையில் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. படியிறங்கும்போது அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"வுடு. நீ மின்னாடி போய் வூடு பாத்து வை. நான் பின்னாலயே வந்துகினு கீறேன்" என்றார்.

அந்தப் புதன்கிழமை மாலை குப்பத்துக்குப் போனேன். அக்கா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். தூங்குவதுபோலவே இருக்கிறார் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். சென்று வாருங்கள் அக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணாடியில் விரலால் ஒரு முறை தட்டினேன். அத்தோடு நிறுத்திவிட ஆசையாக இருந்தது. வெகுநேரம் நின்றேன்.

பிறகு இன்னொரு முறையும் தட்டினேன்.