அடியில் இருந்த கீறல்கள்

அண்ணன் மேல் எனக்கு ஆறு வருஷக் கோபம். கோபம் என்பது சின்ன வார்த்தை. கருவிக்கொண்டே இருந்தேன்.

எங்களைப் பெற்ற அத்தா குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். வேலையை விட்டு வரும்போது, பழைய பங்களா மேஜையில் கிடந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் குண்டு; உள்ளே கடுகு கடுகாய் கலர்ப் பூக்கள். கூடலூர் வீட்டில் அவருக்குக் கண் மங்கிய பிறகு, அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியது நான்தான். யோசிக்கும்போதெல்லாம் அந்தக் குண்டை மேஜையில் அப்படியும் இப்படியும் திருகிக்கொண்டே இருப்பார். "இது ஒனக்குத்தான் ஆத்தா" என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

அவர் மௌத்தாகி அடக்கமான மூன்றாம் நாள், அண்ணன் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"அண்ணே, அது எனக்குன்னு அத்தா சொன்னாக."

"பொட்டப்புள்ளைக்கு இது எதுக்கு? நீ என்னத்த எழுதிக் கிழிக்கப் போற?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கம்பம் டவுனில் தன் வீட்டு ஷோகேஸில் அதை லைட் போட்டு வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று பீற்றல். எந்தக் காலம் என்று நான் பார்க்கிறேன் என்று மொபைலில் தேட ஆரம்பித்தேன். பூக்களை நம்பக் கூடாது. இன்றைக்கும் அதே மாதிரி செய்கிறார்கள். அடியைத்தான் பார்க்க வேண்டும். பழசு என்றால் மேஜையில் படும் விளிம்பில் பொடிக் கீறல்கள் கண்டபடி ஓடும். ஏமாற்றுவதற்காக உப்புத்தாளில் தேய்த்தது என்றால் கோடுகள் ஒரே பக்கமாகப் போகும். புதுசு வழுவழுவென்று இருக்கும். ஒரு பெருநாளன்று, அண்ணி அடுப்படியில் இருந்த நேரம், ஷோகேஸைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீறல்கள் கண்டபடி ஓடின. அசல் பழசு.

அன்றைக்கே அண்ணனிடம் தேனாய்ப் பேசினேன். "அண்ணே, மேல பளபளன்னு இருக்கு, அடி மட்டும் சொறி புடிச்ச மாதிரி இருக்கே. கிரானைட் பாலிஷ் போடுற எடத்துல குடுத்தா பளிங்காக்கிருவாக."

மறுவாரமே பாலிஷ் போட்டு வந்து எனக்கே காட்டினார். "எப்புடி?"

"சூப்பர்ண்ணே."

அண்ணன் தன் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்ததும், புதுச் சம்பந்தியை உட்கார வைத்து, கொச்சியிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரியை வரவழைத்தார். குண்டின் வயதைச் சம்பந்தி காதுபட அவர் சொல்ல வேண்டுமாம். நானும் போயிருந்தேன், விடுவேனா? வியாபாரி பூக்களைப் பார்த்துத் தலையாட்டினார். கவிழ்த்து லென்ஸ் வைத்தார்.

"சாரே, அடியில ஒரு தேய்மானமும் இல்லியே. இது புதுசாணு."

சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

எல்லோரும் போன பிறகு அண்ணன் அதை என் மடியில் எறிந்தார். "இந்தா, ஒன் பொக்கிஷம். நீயே கட்டிக்கிட்டு அழு."

ஜெயித்துவிட்டேன். பஸ் கூடலூர் வந்து சேரும்வரை சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தாவின் மேஜையில் வைத்து, அவரைப் போலவே திருகிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. கவிழ்த்து லென்ஸ் வைத்தேன். அத்தா திருகித் திருகிப் போட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாவி எடுத்துப்போனது குண்டைத்தான். கீறலை அழித்தது நான்.