சூடேறாத வண்டியில் ஊற்றிய எண்ணெய்

என் இடது கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். அது இல்லாவிட்டால் நானும் ஒரு பட்டாசுப் பெட்டிதான். யாராவது ஏற்ற வேண்டும், யாராவது இறக்க வேண்டும்.

அந்தக் கார் கியர் மாறும்போதெல்லாம் குதிக்க ஆரம்பித்தது. தம்பிக்கு வசதியாகப் போயிற்று.

"வித்துருவோம்க்கா. டிரைவர் வச்சுக்கிடலாம்."

"கியர் எண்ணெயும் ஃபில்டரும் மாத்திப் பாக்கேன். அப்பவும் சரியாகலைன்னா வித்துத் தொலை" என்றேன். சொல்லிவிட்டுச் சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாத்தூர் ரோட்டு மெக்கானிக் முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவர். வெயில் ஏறினால் மருந்தைத் தொடக்கூடாது. கம்பெனியை விட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை. எந்த வண்டியானாலும் விடியும்போதே முடித்துவிடுவார்.

நானும் தம்பியும் விடியுமுன் போய்விட்டோம். எனக்கு ஒரு நாற்காலி போட்டார். வண்டிக்கு அடியில் கியர் பெட்டியின் எண்ணெய்த் தட்டைத் தளர்த்தியதும் கறுத்த எண்ணெய் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் சொருகியது. தட்டிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது.

"வெடிக்காதுல்ல?" என்றேன்.

"உங்க வாய் அளவுக்கு வெடிக்காதுக்கா."

ஃபில்டரை மாற்றினார், தட்டைத் துடைத்து மாட்டினார். புது எண்ணெய் சிவப்பாக உள்ளே போனது. அளவுக் குச்சியை உருவிப் பார்த்து, மேல்கோடு வரை ஊற்றினார்.

மல்லாங்கிணறு பக்கம் ஓட்டினேன். தம்பி பக்கத்தில் இருந்தான். ஒரு குலுக்கல் இல்லை. கரிசல் காடு இரண்டு பக்கமும் தானாகப் பின்னால் போனது. நான் ஓட்டுகிறேனா, படுத்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. வெயில் ஏறியது. திடீரென்று எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. கனவில் ஓடும்போது கால் எழும்பாதே, அப்படி.

"பாத்தியாக்கா" என்றான் தம்பி.

நான் மெக்கானிக்கைப் போனில் பிடித்துத் திட்டினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "எஞ்சின் ஓடட்டும்க்கா. குச்சியை உருவிப் பாருங்க" என்றார்.

எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நுரைத்திருந்தது.

"மேல்கோடு சூடான வண்டிக்குக்கா. ஆறிக் கிடந்த வண்டியில அம்புட்டையும் ஊத்திட்டேன். சூட்டுல பொங்கிருச்சு. அங்கனயே இருங்க, வாரேன்."

"விடியக்காலத்துல என்ன மருந்தா கலந்தீரு?" என்று வைத்துவிட்டேன்.

உடைமர நிழலில் காத்திருந்தோம். பைக்கில் வந்தவர் குச்சி இருந்த குழாய்க்குள் டியூப்பை விட்டு எண்ணெயை உறிஞ்சினார். சூடான எஞ்சினுக்குக் கிட்டே கை போகும்போதெல்லாம், வெயிலில் மருந்தைத் தொட்டவர்போல் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கை துடைக்க ஒரு துணியை எடுத்து நீட்டினேன். நுரை அடங்கியபின் எஞ்சினை ஓடவிட்டு மறுபடி அளவு பார்த்தார். சரியாக இருந்தது.

தம்பியோடு கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தேன். வெயில் உச்சிக்கு வந்தும் வண்டி குதிக்கவில்லை, வழுக்கவில்லை.

"இறங்குலே. அவரு பைக்ல வீட்டுக்குப் போ" என்றேன் தம்பியிடம்.

"நீ எங்கக்கா போற?"

கியரைப் போட்டேன். மல்லாங்கிணறு தாண்டியும் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை.