பழையதை எடுத்துவிட்டு இதைப் போடவும்

எழுபதுகளின் கடைசியில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தேன். யார் எந்த ஷிப்டில் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். அதற்கான புரோகிராமை இருவர் எழுதினோம். நான் இங்கே, வண்டன்மேட்டிலிருந்து போன ஒரு தம்பி அங்கே. என் மாற்றங்களைக் காகித நாடாவில் துளையிட்டு டெலக்ஸில் அனுப்புவேன். அங்கே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள்.

அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. அங்கே இதற்குள் ஏதாவது மாறியிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, திருத்திய வரிகளை மட்டும் அவற்றின் எண்ணோடு அனுப்ப வேண்டும். அந்தச் சனிக்கிழமை லைன் கிடைப்பதற்கே பாதிப் பகல் போய்விட்டது. உடம்பும் மனசும் ஓய்ந்திருந்தன. திருத்தியவற்றைப் பொறுக்கியெடுக்கச் சலித்துக்கொண்டு, அங்கே எதுவும் கேட்காமலே, என்னிடமிருந்த புரோகிராம் முழுவதையும் அனுப்பினேன். கீழே, "பழையதை எடுத்துவிட்டு இதைப் போடவும்" என்று தட்டினேன்.

திங்களன்று ஷிப்ட் பட்டியல் வந்தது. உலைப் பகுதித் தொழிலாளி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருக்கு நெஞ்சில் கோளாறு. உலைச் சூடு ஆகாது என்று டாக்டர் சொன்னதால், வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு ஆகியிருந்தது.

"ஏனுங்க சார், உங்க மிசினு என்னைய மறுக்காவும் உலைக்கே போட்டிருக்குதுங்களே. அதுக்கு எம்மேல என்னங்க கோவம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவரை உலையிலிருந்து விலக்கும் வரியைத் தம்பி அங்கே சேர்த்திருக்கிறான். என் நாடா அதை அழித்துவிட்டது. ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவரை வேறு இடத்தில் நிறுத்தியிருப்பார். சொன்னால் நான் முறை தவறியது வெளியே வரும்.

"மேல யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க. இந்த ஒரு வாரம் பாருங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்று போனார். புதன்கிழமை உலையடியில் மூச்சு முட்டி விழுந்தார்.

மறுநாள் தம்பி டிரங்க் காலில் பேசினான். அவர் விழுந்தது அவனுக்குத் தெரியாது.

"என்னண்ணே, அம்புட்டுப் பசியா? நான் சேத்த வரியையும் சேத்து முழுங்கிட்டீகளே!"

"நான் கேட்டேம்ப்பா. லைன் அறுந்துபோச்சு, பதில் வரல."

"அந்த லைன்ல இடி விழ! விடுங்கண்ணே, திரும்பப் போட்டுர்றேன்."

பொய்யை அவன் சந்தேகிக்கவே இல்லை. மருத்துவமனையில் கிடப்பவரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டு மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தேன். பேச்சுக்குப் பேச்சு அவருக்கு மூச்சு இளைத்தது.

"மிசினு தப்புப் பண்ணுனதுக்கு நீங்க ஏனுங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறீங்க? உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். மிசின் தப்புச் செய்யவில்லை என்று சொல்வதற்காகத்தான் போயிருந்தேன். அவர் மனைவி ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் அதன்பின் வேலைக்குத் திரும்பவில்லை.